நூற்று நாற்பத்தெட்டுக் கிண்ணங்கள்

எங்கள் சபையில் ஒற்றுமை அமலுக்கு வந்த நாளிலிருந்து யாரும் யாருக்கும் நாற்காலி எடுத்துப் போடுவதில்லை. அதற்கு முன்னால் நிலைமை மோசமாக இருந்தது. கை சும்மா இருந்தவர் நாற்காலி போட்டார். சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றவர் விளக்கைப் போட்டார். ஒருவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால், கேள்விப்பட்டவர் யாரையும் கேட்காமல் நேரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இப்படி ஒழுங்கில்லாமல் முப்பது வருஷம் ஓடிவிட்டது என்பதைக் கண்டுபிடித்தவர் செயலாளர்.

செயலாளர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கமிட்டியின் குறிப்பேட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். இந்தக் கதையில் வருகிற தீர்மானங்கள் எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. அதனால் வெட்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆரம்பம் ஒரு பூச்சாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்கள் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். ஜாடி உடைந்தது. இரண்டு பேரும் மறு வாரமே சமாதானமாகிவிட்டார்கள், புது ஜாடியும் சேர்ந்தே வாங்கி வந்தார்கள். ஆனால் கமிட்டி சமாதானமாகவில்லை.

போதகர் மேடையேறினார். "உடம்பு ஒண்ணு, உறுப்பு பல. கண்ணு பாக்கணும், காது கேக்கணும். காது பாக்க ஆரம்பிச்சா என்ன ஆகும்? குழப்பம்தான் ஆகும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரம் இருக்கு. இனிமே அவங்கவங்க வரம் என்னவோ அதை மட்டும்தான் செய்யணும். மத்ததைச் செய்றது உடம்பையே கிழிக்கிற பாவம்."

அடுத்த வாரம் செயலாளர் 'ஒரே உடல் படிவம்' கொண்டுவந்தார். நூற்றிருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்: எப்போதும், அடிக்கடி, சில சமயம், அபூர்வமாக, சொல்லத் தெரியவில்லை. கடைசிக் கட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது. 'நான் ஓர் அறைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் என் வழிகாட்டலுக்குக் காத்திருப்பதை உணர்கிறேன்' என்பது மூன்றாவது கேள்வி. 'நடக்கப்போவது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது' என்பது பத்தொன்பதாவது. 'பிறர் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவுவதில் எனக்கு ஆனந்தம் உண்டு' என்பது எண்பத்தாறாவது. நூற்று முப்பத்திரண்டு பேர் பக்தியோடு குனிந்து நிரப்பினோம்.

முடிவு வந்தது. தலைமை வரம் நாற்பத்தேழு பேருக்கு. தீர்க்கதரிசனம் இருபத்தொன்பது. போதனை இருபத்தாறு. புத்தி சொல்லுதல் பதினெட்டு. யாருக்கும் புரியாமல் ஜெபிக்கிற அந்நிய பாஷை ஆறு. ஆவிகளைப் பகுத்தறிதல் ஐந்து பேருக்கு, அதில் நானும் ஒருவன். எது நல்லது எது கெட்டது என்று எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும் என்று அந்தக் காகிதம் சொன்னது. ஐம்பத்தெட்டு வயது வரை இது எனக்கும் தெரியாது, என் மனைவிக்கும் தெரியாது. ஆளுக்கொரு நிறத்தில் அட்டை கொடுத்தார்கள், கழுத்தில் மாட்டிக்கொள்ள. தலைவர்களுக்கு நீலம், தீர்க்கதரிசிகளுக்கு ஊதா. எங்களுக்குச் சாம்பல். ஊழியம் செய்கிறவர்களுக்கென்று ஒரு பெட்டி நிறைய பச்சை அட்டை அச்சடித்திருந்தார்கள். எண்பத்தாறாவது கேள்விக்கு யாரும் 'எப்போதும்' போடாததால் அந்தப் பெட்டி பிரிக்கப்படவில்லை.

கூட்டிப் பார்த்தால் நூற்று முப்பத்தொன்று வரும். மிச்சம் ஒருவர், எங்கள் லிஃப்ட்காரர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் சபை ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நடக்கிறது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, நடுவில் வக்கீல் ஆபீஸ். அந்தக் கட்டடத்து லிஃப்ட்டையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் படிவம் நிரப்பிய அன்று அவர் மனைவி இறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. நூற்றிருபது கேள்விக்கும் 'சொல்லத் தெரியவில்லை' என்ற கட்டத்திலேயே குறி போட்டிருந்தார், மேலிருந்து கீழாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. 'பிறர் அழும்போது என் கண்களும் நிறைகின்றன' என்பதற்கும் அதே பதில்தான். எல்லா வரத்திலும் அவருக்குச் சைபர் வந்தது.

அவருடைய மனைவியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் சபையில் வாரா வாரம் திருவிருந்து உண்டு. கட்டைவிரல் உயரத்துக்குச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் திராட்சரசம் கொடுப்பார்கள். ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு, கூடத்தை ஒட்டிய சின்னச் சமையலறையில் அந்த அம்மா அவற்றைக் கழுவுவார். இவர் பக்கத்தில் நின்று துடைப்பார். மூன்று தண்ணீர் விட்டு அலச வேண்டும், ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் சட்டம். இருபத்திரண்டு வருஷம் அது நடந்தது. வாரம் முழுக்க அவர் லிஃப்ட் குழிக்குள் கிடப்பார், அந்த அம்மா பள்ளிக்கூட விடுதியில் கணக்குப் பார்ப்பார். இரண்டு பேரும் ஆற அமரப் பேசிக்கொண்டது அந்த ஒரு மணி நேரம்தான். பிரசங்கம் நீளமாக இருந்தால் அந்த அம்மா கிண்ணத்தைக் கொஞ்சம் பலமாக அலசுவார், மாடிப்படியில் இறங்குகிற எங்களுக்கே கேட்கும்.

முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் லிஃப்ட்காரர் தோளில் துண்டோடு சமையலறைப் பக்கம் போனார். வாசலில் செயலாளர் நின்றிருந்தார்.

"பிரதர், அட்டை?"

"என்ன அட்டைங்க?"

"பச்சை அட்டை. சமையலறை இப்போ ஊழியப் பிரிவுக்குள்ள வருது."

"கிண்ணம் கழுவணும்ங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். கிண்ணம் கழுவுறது ஊழிய வரம். உங்களுக்கு ஊழியத்துல எவ்வளவு வந்துச்சு?"

"பாக்கலைங்க."

செயலாளர் பார்த்துச் சொன்னார். "சைபர். எல்லாத்துலயும் சைபர்."

"இருபத்திரண்டு வருஷமா துடைக்கிறேன்."

"அது திட்டத்துக்கு முந்தி. அப்போ யாருக்கும் எதுவும் தெரியாது."

"சரி, அப்போ யார் கழுவுவாங்க?"

"ஊழிய வரம் உள்ளவங்க."

"யாருக்கு இருக்கு?"

"இதுவரைக்கும் யாருக்கும் இல்ல. ஆனா பிரிவு இருக்கு," என்றார் செயலாளர்.

லிஃப்ட்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை. அந்த நாட்களில் அவர் முகத்தில் எதுவுமே வருவதில்லை. என்னைப் பார்த்து, "வீட்டுல உக்கார முடியலைங்க. இது ஒண்ணுதான் கைக்குப் பழக்கம்," என்று மட்டும் சொன்னார். என் வரம் பகுத்தறிதல் என்பதால் நான் தலையை ஆட்டினேன்.

அவருக்குப் பின்னாலேயே அவருடைய மச்சினி வந்தாள். தையல் கடை வைத்திருக்கிறவள், அக்காவைப் போலவே வாய்த் துடுக்கு. "அத்தான், நீங்க உக்காருங்க. நான் கழுவுறேன்," என்று சேலையை இடுப்பில் செருகினாள்.

"சிஸ்டர், நீங்க நீலம்," என்றார் செயலாளர்.

"நீலம்னா கை நனையாதா?"

"தலைமை வரம் உள்ளவங்க கழுவச் சொல்லலாம். கழுவ முடியாது."

"அப்போ சொல்றேன். கழுவுங்க."

"யாரைச் சொல்றீங்க?"

"உங்களைத்தான்."

"நானும் நீலம்தான் சிஸ்டர்," என்றார் செயலாளர். அவர் முகத்தில் துளிக்கூடச் சிரிப்பு இல்லை.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. பொருள்: வரமில்லாத உறுப்பினர். போதகர் ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னார்: "எல்லாருக்கும் ஒரு வரம் உண்டுன்னு மேடையில சொல்லியிருக்கேன். இவருக்கு இல்லன்னா நான் சொன்னது தப்புன்னு ஆகும். நான் சொன்னது தப்பாகாது. அப்போ யோசிச்சுப் பாத்தா, இப்படி ஒருத்தர் இருக்கவே முடியாது."

"இருக்காரே ஐயா," என்றேன்.

"இருக்காருன்னு நமக்குத் தோணுது," என்றார் போதகர், அன்பாக.

நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒரு நடுவழி கண்டார்கள். விஷயம் தெளிவாகும் வரை அவருடைய வருகையைப் பென்சிலில் குறிக்க வேண்டும். நாளைக்கு வரம் கிடைத்தால் பேனாவில் எழுதலாம், கிடைக்காவிட்டால் அழித்துவிடலாம். நான் பென்சிலைச் சீவி அவருடைய பெயரை எழுதினேன். அவரை அழைத்து இதைச் சொன்னபோது, "சரிங்க," என்றார்.

கிண்ணங்கள் அப்படியே கிடந்தன. அதற்காக யாரும் சும்மா இருந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. நாற்பத்தேழு தலைவர்களும் கூடி ஒரு கிண்ணத் துணைக்கமிட்டி அமைத்தார்கள், அதற்கு நாற்பத்தேழு பேரும் தலைவர்கள். போதனைப் பிரிவு 'கழுவுதலின் ஆழங்கள்' என்று மூன்று வார வகுப்பு நடத்தியது. நல்ல கூட்டம், நிற்க இடமில்லை. புத்தி சொல்கிறவர்கள், கிண்ணம் கழுவப்படாமல் இருப்பதைப் பொறுமையோடு தாங்கிக்கொள்ளும்படி புத்தி சொன்னார்கள். தீர்க்கதரிசிகள் ஒருவர் வருவார், கழுவுவார் என்று முன்னறிவித்தார்கள். எப்போது என்று கேட்டதற்கு அது தங்களுக்குக் காட்டப்படவில்லை என்றார்கள். அந்நிய பாஷைக்காரர்கள் ஆறு பேர் ஏதோ சொன்னார்கள். கடைசியில் பகுத்தறிகிற எங்கள் ஐந்து பேரையும் அனுப்பிக் கிண்ணங்கள் உண்மையிலேயே அழுக்காக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னார்கள். நாங்கள் மூடிய துணியைத் தூக்கிப் பார்த்தோம். அழுக்காகத்தான் இருந்தன. இரண்டு பக்க அறிக்கை கொடுத்தோம். விஷயம் தீரும் வரை திருவிருந்து ஒத்திவைக்கப்பட்டது.

ஐந்தாவது வாரம் லிஃப்ட் நின்றது. உள்ளே தலைவர்கள் பதினொரு பேர். ஏறியதும் ஆளுக்கொரு பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அது தொங்கிவிட்டது. உள்ளேயிருந்து பதினொரு பேரும் பதினொரு விதமாக உத்தரவு போடுவது மாடிப்படியில் கேட்டது. லிஃப்ட்காரர் பையைத் திறந்தார். செயலாளர் ஒரு நிமிஷம் தயங்கினார், பிறகு உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் தன் மைத்துனர் குரலும் இருந்ததால் வழிவிட்டார். நாலே நிமிஷம்தான், கதவு திறந்தது.

அன்றைய தீர்மானத்தையும் நான்தான் எழுதினேன்: 'மேற்படி பழுதுநீக்கம் அன்னாரின் தொழில் சார்ந்து செய்யப்பட்டதேயன்றி வரம் சார்ந்து செய்யப்பட்டதன்று. ஆகவே இது ஊழியமாகக் கருதப்படாது. வெளியே வந்தவர்கள் வெளியே வந்தது செல்லும்.'

வெளியே வந்த பதினொரு பேரும் நன்றி சொல்வதா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். நன்றி எந்தப் பிரிவில் வருகிறது என்று படிவத்தில் இல்லை.

லிஃப்ட்காரர் செயலாளரிடம் போய், "இன்னைக்காவது கிண்ணத்தைக் கழுவட்டுமாங்க? அஞ்சு வாரமா காஞ்சு கிடக்கு," என்றார்.

"பிரதர், உங்க ஆர்வம் புரியுது. மனு எழுதிக் குடுங்க."

அவர் மனு எழுதிக் கொடுத்தார். அது கிண்ணத் துணைக்கமிட்டிக்குப் போனது. நாற்பத்தேழு கையெழுத்து வேண்டும்.

மனுவைப் படித்த போதகருக்குத்தான் அந்த யோசனை உதித்தது. அடுத்த கூட்டத்தில் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். "நாம தப்பா பாத்துட்டோம். எல்லாரும் குடுக்கிறவங்களா இருந்தா வாங்கிக்கிறது யாரு? நமக்கு இருக்கிற இவ்வளவு வரத்தையும் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? அதுக்குன்னே கடவுள் ஒருத்தரைக் காலியா வெச்சிருக்கார். அவர் வரம், பெறுகிற வரம்!"

கமிட்டி எழுந்து நின்று கைதட்டியது. அன்றே ஒரு வெள்ளை அட்டை தயாரானது, அதில் 'பெறுபவர்' என்று எழுதியிருந்தது. நான் பென்சில் எழுத்தின் மேல் பேனாவால் எழுதப் போனேன். தகுதிகாண் காலம் முடியட்டும் என்றார் செயலாளர்.

ஒரு சனிக்கிழமை எல்லாப் பிரிவும் அவருடைய வீட்டுக்குப் போவதென்று முடிவானது. பிரிவுக்கு இருபத்தைந்து நிமிஷம். நேரம் பார்க்க நான் போனேன். இரண்டு அறை வீடு. முதலில் புத்தி சொல்கிறவர்கள் வந்து, மரணம் என்பது ஒரு வாசல் என்றார்கள். அடுத்து வந்த போதனைக்காரர்கள் அது வாசல் இல்லை, பாலம் என்று ஐந்து குறிப்புகளோடு விளக்கினார்கள். தீர்க்கதரிசிகள் அவருக்குச் சீக்கிரத்தில் ஒரு நீண்ட பயணம் இருக்கிறது என்றார்கள், பிறகு தங்களுக்குள் கிசுகிசுத்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தலைவர்கள் நின்றபடியே வீட்டைச் சுற்றிப் பார்த்து, அந்த அம்மாவின் தையல் பெட்டியை வேறு இடத்தில் வைத்தால் அறை பெரிதாகத் தெரியும் என்றார்கள். ஒருவர் தூக்கியும் வைத்தார். லிஃப்ட்காரர் எல்லோரும் போன பிறகு அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். பாக்கி நேரமெல்லாம் அவர் நாற்காலியில் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'பெறப்பட்டது' என்று ஒவ்வொரு பிரிவின் தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

வந்தவர்களுக்கெல்லாம் மச்சினிதான் டீ போட்டாள். பக்கத்து வீடுகளில் டம்ளர் கடன் வாங்கியிருந்தார்கள். கூட்டம் கலைந்ததும் லிஃப்ட்காரர் எழுந்து போய்க் குழாயைத் திறந்து டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தார். மூன்று தண்ணீர் விட்டு அலசி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். அந்த ஒரு நேரம்தான் அவர் முகத்தில் ஆள் இருந்தது.

"இப்பதான் அத்தான் மூச்சு விடுறாரு," என்றாள் மச்சினி என்னிடம், சத்தமில்லாமல். "அவரைக் கழுவ விட்டா என்னங்க? உங்களுக்கெல்லாம் என்ன குறைஞ்சுபோகுது?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஒன்றும் குறைந்துபோகாது. ஆனால் அதைக் கமிட்டியில் சொல்கிற தைரியத்துக்கு எந்த அட்டையும் இல்லை, எனக்கும் இல்லை. நேரமாகிவிட்டது என்று தாள்களை வாரிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஒற்றுமை ஞாயிறு. மேடையில் லிஃப்ட்காரரை வெள்ளை அட்டையோடு உட்கார வைத்திருந்தார்கள். போதகர் பேசினார்: "நூற்று முப்பத்தொரு வரம் ஒரே மனுஷன் மேல இறங்கியிருக்கு. இதுக்குப் பேர்தான் ஒற்றுமை. நாம ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கணும்னுகூட அவசியமில்ல. எல்லாரும் இவரோட பேசினா போதும்." பிறகு ஒலிவாங்கியை லிஃப்ட்காரர் வாயருகே நீட்டினார். "இவ்வளவு வாங்கியிருக்கீங்களே பிரதர், எப்படி இருக்கு?"

"சொல்லத் தெரியலைங்க," என்றார். பிறகு, "அவ போனதுலேருந்து எதுவுமே தெரியலைங்க. அழுகையும் வரல. கிண்ணம் கழுவுற நேரத்துல மட்டும் அவ பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும்னு நினைக்கிறேன். அதைக் கழுவக் குடுத்தீங்கன்னா போதும். வேற எதுவும் வேணாம்," என்றார்.

இப்போது யாராவது எழுந்து 'கொடுங்கப்பா' என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன். அந்த யாராவது நானாக இருக்கலாம் என்றும் தோன்றியது. நான் எழவில்லை.

"பாத்தீங்களா!" என்றார் போதகர், குரல் தழுதழுக்க. "எவ்வளவு தாழ்மை! பெறுகிறவர் குடுக்க ஆசைப்படுறார். ஆனா பிள்ளைகளே, ஆசை வேற, வரம் வேற." கைதட்டல் அடங்க ரொம்ப நேரமானது.

அடுத்து திருவிருந்து. ஒற்றுமை ஞாயிற்றில் அதை ஒத்திவைக்க முடியாது. தட்டுகளைக் கொண்டுவந்து துணியை எடுத்தார்கள். ஆறு வாரத்துப் பிசின், கருஞ்சிவப்பாக அடியில் ஒட்டியிருந்தது. எறும்புகள் ஒரு கிண்ணத்திலிருந்து அடுத்ததற்குச் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன, தங்களுக்குள் எந்தக் குழப்பமும் இல்லாமல். முன்வரிசையில் யாரோ 'ஐயோ' என்றார்கள். போதகர் சுதாரித்துக்கொண்டார். "கண்ணுக்குத் தெரியிற கிண்ணம் எதுக்கு? இன்னைக்கு நாம கண்ணுக்குத் தெரியாத கிண்ணத்துல குடிப்போம்," என்றார். நூற்று முப்பத்தொரு பேரும் வெறும் விரல்களைக் குவித்து உதட்டுக்குக் கொண்டுபோனோம். அந்நிய பாஷைக்காரர் ஒருவர் துடைத்துக்கொள்ளவும் செய்தார். மேடையில் லிஃப்ட்காரர் மட்டும் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு நான் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு லிஃப்ட்டில் ஏறினேன். கதவு மூடுகிற நேரத்தில் லிஃப்ட்காரர் இரண்டு பெரிய பைகளோடு வந்து ஏறினார். ஒன்று அவருடைய கருவிப் பை, இன்னொன்றை நான் பார்த்ததில்லை. லிஃப்ட் இறங்க ஆரம்பித்ததும் பைக்குள்ளிருந்து சன்னமாகக் கண்ணாடிச் சத்தம் வந்தது. ஒவ்வொரு மாடியைத் தாண்டும்போதும் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் கதவுக்கு மேலே மாறிக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்தேன். இந்த வருஷத்தில் நான் என் வரத்தை உருப்படியாக உபயோகித்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் பகுத்தறியாமல் இருந்ததன் மூலம்.

அடுத்த ஞாயிறு காலை கிண்ணங்கள் தட்டுகளில் இருந்தன. பளிச்சென்று, ஜன்னல் வெளிச்சம் ஊடுருவிப் போகிற மாதிரி. கட்டடத்துச் சாவி லிஃப்ட் பராமரிப்புக்காக யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் நினைவு வரவில்லை. முதலில் தீர்க்கதரிசிகள் கை தூக்கினார்கள், ஒருவர் வந்து கழுவுவார் என்று தாங்கள் சொன்னதைக் குறிப்பேட்டில் பார்க்கலாம் என்றார்கள். பார்த்தேன், இருந்தது. கழுவுதல் பற்றி மூன்று வாரம் வகுப்பெடுத்த பலன் இது என்றார்கள் போதனைக்காரர்கள். மேலிருந்து வந்த தலைமை என்றார்கள் தலைவர்கள். கடைசியில் இது அற்புதம் என்று ஒருமனதாகத் தீர்மானமானது. அற்புதங்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கி, செயலாளரின் மைத்துனரை அதற்குப் பொறுப்பாகப் போட்டார்கள்.

லிஃப்ட்காரர் பின்வரிசையில் மடியில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுத்தமான கிண்ணம் என்றால் இன்று திருவிருந்து உண்டு, திருவிருந்து என்றால் கிண்ணம் மறுபடி அழுக்காகும், அழுக்கானால் மறுபடி ஒரு பை போதும். அவர் அவ்வளவுதான் கணக்குப் போட்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"அற்புதம் நடந்த பொருளை மறுபடி புழங்கக் கூடாது," என்றார் செயலாளர். அன்றைக்கே ஒரு கண்ணாடி அலமாரிக்கு அளவெடுத்தார்கள். பூட்டோடு சேர்த்துத்தான். திருவிருந்துக்குக் காகிதக் கிண்ணம் வந்தது, குடித்ததும் கசக்கிப் போட்டுவிடலாம். லிஃப்ட்காரர் தன் கையிலிருந்த காகிதக் கிண்ணத்தை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார். துண்டை மடித்துப் பையில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தத் துண்டை அவர் கொண்டுவந்து நான் பார்க்கவில்லை.

அலமாரியில் அடுக்கும்போது செயலாளர் எண்ணினார். நூற்று நாற்பத்தேழு வந்தது. மறுபடி எண்ணினார், அதேதான். "நூற்று நாற்பத்தெட்டுன்னு அறிவிப்புப் பலகையில போட்டாச்சு. அற்புதத்துல ஒண்ணு குறையுமா? கிண்ண நோட்டு ஒண்ணு அந்த அம்மாகிட்ட இருந்துச்சே, வாங்கிட்டு வாங்க," என்று என்னை அனுப்பினார்.

ஞாயிறு மத்தியானம் போனேன். கதவைத் திறந்த லிஃப்ட்காரர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தார். பழைய அட்டை போட்ட நோட்டு. முதல் பக்கத்தில் 'வாங்கியது நூற்றறுபது' என்று இருந்தது. கீழே உடைந்தவற்றின் கணக்கு: தேதி, உடைத்தவர். எல்லாம் அந்த அம்மாவின் கையெழுத்து. பன்னிரண்டு வரிகள். 'அவர். அவர். நான். அவர். அவர். அவர். நான்...' எண்ணிப் பார்த்தேன். ஒன்பது 'அவர்', மூன்று 'நான்'.

"அந்த மூணுல ஒண்ணு நான் உடைச்சது. அவ தன் பேருல எழுதிக்கிட்டா," என்றார் லிஃப்ட்காரர். "அப்போ ரெண்டு நாளா எனக்கு உடம்பு சரியில்ல. அதுக்காக."

நான் நிமிர்ந்தபோது அந்தக் கிண்ணம் கண்ணில் பட்டது. சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரே ஒரு தட்டும் ஒரே ஒரு டம்ளரும் இருந்த பலகையில் நின்றிருந்தது. அதில் ஒரு வாய்த் தண்ணீர்கூடப் பிடிக்காது.

அவர் என் பார்வையைக் கவனித்தார். "ஒண்ணு குறையுதுன்னு வந்தீங்களா?"

"நோட்டு வாங்க வந்தேன்," என்றேன்.

அவர் குழாயைத் திறந்தார். கிண்ணத்தை எடுத்து ஒரு தண்ணீரில் அலசினார். இரண்டாவது தண்ணீர். மூன்றாவது தண்ணீர். ஜன்னலைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தார். பிறகு, பக்கத்தில் ஆள் இருப்பது பழக்கமானவர் மாதிரி, திரும்பிப் பார்க்காமலேயே கையைப் பக்கவாட்டில் நீட்டினார். கிண்ணம் அவர் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போல. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

ஆணியில் துண்டு தொங்கியது. நான் அதை எடுத்து, அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கித் துடைத்தேன். எனக்குச் சரியாகத் துடைக்கத் தெரியவில்லை, உள்ளே விரல் போகவில்லை. "துண்டு முனையை முறுக்கி விடுங்க," என்றார் அவர், அழுதுகொண்டே. முறுக்கி விட்டேன்.

அன்று சாயங்காலம் நோட்டைச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் கணக்குப் பக்கத்தைப் புரட்டி வரிகளை எண்ணினார். "பதின்மூணு உடைஞ்சிருக்கா? அப்போ நூற்று நாற்பத்தேழுதான் சரி. பலகையைத் திருத்தச் சொல்லிடுறேன்," என்றார், நிம்மதியாக.

லிஃப்ட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் பதின்மூன்றாவது வரியை நான்தான் எழுதியிருந்தேன். அன்றைய தேதி போட்டேன். உடைத்தவர் என்ற இடத்தில், அந்த அம்மாவின் எழுத்துக்குக் கீழே, 'நான்' என்று எழுதினேன். பேனாவில்தான் எழுதினேன்.